வீட்டிலேயே ஒரு டைரி

ஜனவரி மாதம் வந்துவிட்டால் போதும், வீட்டில் டைரிகள் வந்து குவிய ஆரம்பித்துவிடும். பேங்கில் கொடுத்தது, மருந்துக் கம்பெனி கொடுத்தது, அப்பாவுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் கொடுத்தது என்று நாலைந்தாவது சேரும். புத்தாண்டு அன்று பேனாவுக்கு மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதல் பக்கத்தில் பெயர், முகவரி, ரத்த வகை எல்லாம் எழுதி ஆரம்பிப்பார்கள். பொங்கல் வரைக்கும் ஓடும். அதோடு சரி! பிப்ரவரியில் அந்த டைரியில் மளிகைச் சாமான் லிஸ்ட் எழுதப்பட்டிருக்கும்.

இதற்குச் சோம்பேறித்தனம் மட்டும்தான் காரணமா? தேதி அச்சடித்த டைரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று யாரோ முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். ஒன்றுமே நடக்காத நாளுக்கும் ஒரு பக்கம். அக்கா கல்யாணத்துக்கும் அதே ஒரு பக்கம். நாலு நாள் எழுதாமல் விட்டால் அந்த நாலு வெள்ளைப் பக்கமும் நம்மைப் பார்த்து முறைக்கும். இப்படித் தேதி போட்ட டைரியை 1812ஆம் ஆண்டில் லண்டனில் ஜான் லெட்ஸ் என்ற ஸ்டேஷனரி வியாபாரி விற்க ஆரம்பித்தார். வியாபாரிகள் கொடுக்கல் வாங்கலைக் குறித்து வைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. மனதில் இருப்பதை எழுதுவதற்காக வந்த பொருள் அல்ல அது.

உலகத்துக்கே தெரிந்த டைரிகளைப் பார்த்தாலும் இது புரியும். ஆன் ஃபிராங்க் என்ற சிறுமிக்கு 1942 ஜூன் 12 அன்று, பதின்மூன்றாவது பிறந்தநாளில் கிடைத்தது ஒரு ஆட்டோகிராஃப் புத்தகம். கட்டம் போட்ட துணி அட்டை. அதைத்தான் அவள் டைரியாக வைத்துக்கொண்டாள். அது தீர்ந்ததும் நோட்டுப் புத்தகங்களில் எழுதினாள். 1944இல் எல்லாவற்றையும் திருத்தி எழுத உட்கார்ந்தபோது உதிரித் தாள்கள்தான் கிடைத்தன. நம் ஊர்ப் பக்கம் வந்தால், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்து 1761 வரை, அதாவது சாகும் வருடம் வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் துப்ளே சொன்னது, ஊர் வம்பு எல்லாம் அதில் உண்டு. அப்போது லெட்ஸின் டைரி கிடையாது!

ஆக, எழுத வேண்டும் என்றால் தாள் இருந்தால் போதும். அந்தத் தாள்களைச் சேர்த்துத் தைக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவளுடைய தாத்தா.

பைண்டர் தாத்தா

தாத்தா ஒரு சின்ன அச்சகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பைண்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் குறைவே இல்லை. பரீட்சைக்கு முன்னால் ரெக்கார்டு நோட்டு பைண்டிங், விடுமுறையில் லைப்ரரிப் புத்தகம் பைண்டிங் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். அவருடைய வலது கை ஆள்காட்டி விரலில் நூல் இழுத்து இழுத்து ஒரு தழும்பு விழுந்திருந்தது.

அவள் பிளஸ் டூ படித்த வருடம், அரையாண்டு விடுமுறையில், கடையில் பார்த்த ஒரு டைரிக்கு ஆசைப்பட்டாள். விலையைக் கேட்டதும் தாத்தா சிரித்தார்.

"ஏட்டி, இதுக்கா இவ்வளவு ரூவா? ஒரு நாள் உக்காந்தா நாமளே தைச்சிரலாம்."

"நிசமாவா தாத்தா? கடையில இருக்க மாதிரியே வருமா?"

"கடையில இருக்கது ஒட்டுனது. நாலு மாசத்துல தாள் தாளா உதிரும். நாம தைக்கது அப்படியே கிடக்கும்."

அன்றைக்கே பரணில் இருந்த அவருடைய பழைய தகரப் பெட்டி கீழே இறங்கியது.

தேவையான பொருட்கள்:

ஏ4 தாள் 48, கெட்டி அட்டை, மேலே ஒட்ட அழகான தாள் அல்லது துணி, பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டு, கெட்டியான பருத்தி நூல், ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, ஊசி, குத்தூசி, ஸ்கேல், மைதா மாவு. பெவிகால் இருந்தாலும் சரி.

பாரம் கட்டுவது:

நான்கு தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடிக்க வேண்டும். அச்சகத்தில் இதற்குப் பாரம் என்று பெயர். நான்கு தாளை மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம். இப்படி 12 பாரம் செய்தால் 192 பக்கம் கிடைக்கும். மடித்த ஓரத்தை ஸ்கேலால் நன்றாக அழுத்தித் தேய்த்து, எல்லாவற்றையும் ஒரு ராத்திரி அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் டைரியின் முதுகு தவளை மாதிரி உப்பிக்கொள்ளும்.

இங்கேதான் தாத்தா ஒரு ரகசியம் சொன்னார். காகிதத்துக்கு நெசவுத் துணி போல ஓட்டம் உண்டு. ஆலையில் கூழ் ஓடுகிற திசையிலேயே பெரும்பாலான நார்களும் படுத்துவிடும். ஒரு தாளைக் கிழித்துப் பார்த்தால் தெரியும். ஓட்டத்தோடு கிழித்தால் நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணல் மாணலாகப் போகும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் நீளாது, அகலத்தில்தான் உப்பும். அதனால் அட்டையின் ஓட்டம் எப்போதும் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் பசை காய்ந்ததும் அட்டை அப்பளம் போல வளைந்துவிடும். கடையில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் ஓட்டம் நீளவாக்கில்தான் இருக்கும். அதைப் பாதியாக மடிக்கும்போது மடிப்பு ஓட்டத்துக்குக் குறுக்கே விழும். பக்கம் புரட்டும்போது கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். பெரிய தாள் வாங்கி வெட்டிக்கொண்டால் அந்தக் குறையும் இருக்காது.

தைப்பது:

ஒரு அட்டைத் துண்டில் மேலிருந்து 15, 75, 135, 195 மி.மீ. தூரத்தில் நான்கு புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். அதை ஒவ்வொரு பாரத்தின் உள்மடிப்பிலும் வைத்துக் குத்தூசியால் துளை போட வேண்டும். நூலை மெழுகில் இரண்டு தடவை இழுத்தால் சிக்கு விழாது.

முதல் பாரத்தின் முதல் துளையில் வெளியிலிருந்து உள்ளே போய், இரண்டாவதில் வெளியே வந்து, மூன்றாவதில் உள்ளே போய், நான்காவதில் வெளியே வர வேண்டும். ஒரு சாண் நூலை ஆரம்பத்தில் விட்டுவைக்க வேண்டும். இப்போது இரண்டாவது பாரத்தை மேலே வைத்து, அதன் நான்காவது துளையில் நுழைந்து அதே மாதிரி திரும்பி வந்தால், விட்டுவைத்த நூல் நுனி இருக்கும் இடத்தில் வந்து நிற்போம். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். மூன்றாவது பாரத்திலிருந்து, ஒவ்வொரு கோடி முனைக்கு வரும்போதும் கீழே இரண்டு பாரத்தைச் சேர்க்கும் நூலுக்கு அடியில் ஊசியை விட்டு ஒரு கண்ணி போட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். இந்தக் கண்ணிதான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நூலைத் தாளோடு ஒட்டிப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். நம்மைப் பார்க்க இழுத்தால் தாள் கிழிந்துவிடும். அவள் மூன்று பாரத்தைக் கிழித்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டாள்.

பசையும் அட்டையும்:

ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். இறக்கி ஆறவிட்டால் பசை தயார். பைண்டிங் கடையில் பூச்சி வராமல் இருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். வீட்டில் வேண்டாம் என்று தாத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அளவாகக் கிண்டி இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

தைத்த முதுகில் பசை தடவி வேட்டித் துணியை ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி வெளியே தொங்க வேண்டும். அட்டையைத் தாளைவிட மேலே 3 மி.மீ., கீழே 3 மி.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்ள வேண்டும். முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே 7 மி.மீ. இடைவெளி விட்டால்தான் திறந்து மூட வரும். மேல்தாளை ஒட்டி ஓரங்களை உள்ளே மடக்கி, கடைசியாக முதல் இதழையும் கடைசி இதழையும் அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். வெளியே ஒட்டிய தாள் காயும்போது அட்டையை ஒரு பக்கம் இழுக்கும். உள்ளே ஒட்டிய தாள் மறுபக்கம் இழுக்கும். இரண்டும் சமமானால் அட்டை நேராக நிற்கும். பிறகு மறுபடியும் அம்மிக்கல்!

அழகான டைரி

அத்தை புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்த, பூவிதழ் பதித்த கையால் செய்த காகிதம் ஒன்று வீட்டில் இருந்தது. அதையே மேலே ஒட்டினார்கள். மறுநாள் கல்லை எடுத்துப் பார்த்தால், கடையில் பார்த்ததைவிட அழகாக ஒரு டைரி. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். தோழிகள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள்.

அதில் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

முதல் காரணம் கையெழுத்து. இவ்வளவு அழகான தாளில் இந்தக் கோழிக் கிறுக்கலா என்று தோன்றியது. அடுத்து, முதல் பக்கத்தில் ஏதாவது பெரிய விஷயமாக எழுத வேண்டும் என்று காத்திருந்தாள். பரீட்சை முடியட்டும், ரிசல்ட் வரட்டும், காலேஜில் சேர்ந்த அன்றைக்கு ஆரம்பிக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். தாத்தா இடையிடையே கேட்பார்.

"எழுத ஆரம்பிச்சிட்டியாட்டி?"

"இல்ல தாத்தா, நல்லா எழுதணும்லா. கெடுத்துரக் கூடாது."

"ஒரு கோடாவது போடு. எழுதாத நோட்டுக்குத்தான் பூச்சி சீக்கிரம் வரும்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் தாத்தா போய்விட்டார். தூக்கத்திலேயே.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த அன்று ராத்திரி அவள் அந்த டைரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாத்தாவோடு அந்த வருடம் பேசியதையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தாள். கடைசியாக போனில் என்ன சொன்னார்? சாப்பாடு எப்படி இருக்கு என்று கேட்டார், அது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார்? வரவே இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவரோடு வீட்டிலேயேதான் இருந்தாள். அந்த அறுபது நாளில் கோர்வையாக மூன்று நாள்கூட நினைவில் இல்லை. டைரியை மூடி பீரோவில் வைத்துவிட்டாள்.

பழைய நோட்டு

டிசம்பர் லீவுக்கு அவள் வந்தபோது ஆச்சி பரணைக் காலி செய்துகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து சேர்ந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட வேண்டும். பாதி நோட்டுகளில் கடைசியில் எழுதாத பக்கங்கள் நிறைய இருந்தன. அதையெல்லாம் வீணாக்குவானேன், ஒரு டைரி தைக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

கிழிக்கப் போனபோது தாத்தா சொன்னது ஞாபகம் வந்தது. ஒற்றைத் தாளை மடிப்பில் தைக்க முடியாது, ஜோடியோடு எடுக்க வேண்டும். நடுவில் பின் அடித்த நோட்டில் கடைசித் தாளின் ஜோடி முதல் தாள். அதாவது, எழுதாத ஒவ்வொரு தாளும் எழுதிய ஒரு தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது! பின்னைக் கழற்றி முழுத் தாளாக எடுத்தால் இடது பக்கம் எட்டாம் வகுப்பு அறிவியல், வலது பக்கம் வெறுமை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று நான்கு நான்காக அடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பாரத்திலும் முதல் நான்கு இதழ் பழைய பாடம், அடுத்த நான்கு இதழ் எழுதுவதற்கு. பன்னிரண்டு பாரத்தில் எழுத 96 பக்கம் கிடைத்தது.

அடுக்கும்போதுதான் பார்த்தாள். சில நோட்டுகளின் கடைசிப் பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்து இருந்தது. வீட்டில் போன் பக்கத்தில் எந்த நோட்டு கிடந்ததோ அதில் எழுதிவிடுவது அவர் வழக்கம். அவள் அதற்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறாள். பால் 2 பாக்கெட். கேஸ் பதிந்தாச்சு. கரண்ட் ரீடிங். பிரஷர் மாத்திரை வாங்கணும். ஒரு இடத்தில் தேதி போட்டு, புள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகலை, ராத்திரி கஞ்சி குடிச்சா, மழை.

அந்தக் காய்ச்சல் அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அன்றைக்கு மழை பெய்திருக்கிறது. கஞ்சி குடித்திருக்கிறாள். தாத்தா டைரி எழுதுகிறோம் என்று நினைத்து அதை எழுதவில்லை. கையில் கிடைத்ததில் எழுதினார். அது இருக்கிறது.

அந்தப் பக்கங்களையும் பாரத்தில் சேர்த்தே தைத்தாள். பசை கொஞ்சம் கட்டி தட்டிவிட்டது. அட்டை, புது வேட்டி வந்த பெட்டியின் அட்டை. ஓரம் ஒரு பக்கம் அரை விரல் தள்ளிப்போயிருந்தது. பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. அம்மிக்கல்லை எடுத்த அன்றைக்கே, தாத்தாவின் காய்ச்சல் குறிப்புக்கு நேர் எதிரே இருந்த வெற்றுப் பக்கத்தில் அவள் எழுத ஆரம்பித்தாள். பசை கட்டியானது, விரலில் ஊசி குத்தியது, ஆச்சி தோசை சுட்டது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கெடுத்துவிடுவோமே என்ற பயமும் இல்லை, ஏனென்றால் அது முன்பே கிறுக்கிய நோட்டுதானே.

வீட்டில் டைரி செய்ய நினைப்பவர்கள் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தையல் கொஞ்சம் கோணலாக இருந்தால் ஒன்றும் ஆகாது. அட்டை பழைய அட்டையாகவே இருக்கட்டும். பசை காய்ந்த அன்றைக்கே முதல் பக்கத்தில் ஏதாவது எழுதிவிடுங்கள், பால் கணக்காக இருந்தாலும் சரி. பூப்போட்ட தாளுக்காகக் காத்திருந்தால் நாட்கள் நமக்காகக் காத்திருக்காது.

அந்தப் பூப்போட்ட டைரி என்ன ஆயிற்று? பொங்கலுக்கு அவள் மறுபடி ஊருக்கு வந்தபோது பீரோவில் அது இல்லை. தேடிப் பார்த்தால், அடுப்படி ஜன்னலில் ஒரு பேனாவோடு கிடந்தது.

"ஆச்சி, இதையா எடுத்தீங்க?"

"சும்மாத்தானட்டி கிடந்துச்சு. உங்க தாத்தா இருந்தா அவுக எழுதுவாக. இப்ப நான்லா எழுத வேண்டியிருக்கு."

திறந்து பார்த்தாள். முதல் பக்கத்தில், பெரிய பெரிய எழுத்தில், கொஞ்சம் சாய்வாக எழுதியிருந்தது. பால் 1 பாக்கெட்.